'னு'வுக்கு இங்கிலீஷ்ல இவ்ளோ வேலையா?
எங்க ஏரியால ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்கு ரெண்டு மாசம் போனேன், பேர் வேணாம். சார் நல்லாவே சொல்லித்தராரு. நாம 'வரேன்னு சொன்னான்'னு அவன் சொன்னத அப்படியே வெச்சு ஒரு 'னு' ஒட்டிடுறோம்ல, இங்கிலீஷ்ல 'ஹி செட் ஹி வுட் கம்'னு ஐ ஹி ஆகுது, வில் வுட் ஆகுது, நடுவுல தட் போட்டாலும் சரி விட்டாலும் சரின்னு போர்டுல எழுதிக் காட்டினப்பதான் மண்டைல ஏறுச்சு. இத்தனை வருஷமா 'ஹி ஆஸ்க்ட் வேர் இஸ் த பஸ் ஸ்டாண்ட்'னே பேசிட்டு இருந்திருக்கேன், 'வேர் த பஸ் ஸ்டாண்ட் வாஸ்'னு வரணுமாம்! ஆனா இப்பவும் உண்மையா இருக்கற விஷயம்னா டென்ஸ மாத்தாமலே விடலாம்ங்கறத நான் கேட்டப்புறம்தான் சொன்னாரு. பேட்ச்ல 30 பேர், வாய தொறந்து பேச சான்ஸே இல்ல, ஏசி வேற ஓடாது. 3 ஸ்டார்.