பச்சை விளக்கு எரிந்தது, பின்கதவு உடைந்து கிடந்தது: மலிவு விலை வீட்டு அலாரம் பற்றி ஓர் எச்சரிக்கை

குறைந்த செலவில் வீட்டுக்குத் திருட்டு அலாரம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "கருவியெல்லாம் இலவசம் சார், மாதக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும்" என்று யாராவது வந்து நின்றால், கையெழுத்துப் போடும் முன் தயவுசெய்து இதை முழுக்கப் படித்துவிடுங்கள்.

நாங்கள் வெளியூர் போயிருந்த நேரத்தில் பின்கதவை நெம்பித் திறந்து உள்ளே வந்திருக்கிறார்கள். அம்மாவின் நகைகளும் ஒரு மடிக்கணினியும் போய்விட்டன. அலாரத்தைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். சைரன் ஒலிக்கவே இல்லை என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். என் போனுக்கும் ஒரு செய்தி வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால், கதவு நிலை பிளந்து கிடக்கிறது, ஹாலில் இருக்கும் பேனலில், அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், பச்சை விளக்கு எரிகிறது. எல்லாக் கதவும் மூடியிருப்பதாகத் திரை காட்டுகிறது.

நிறுவனத்தைக் கூப்பிட்டேன். "பின்கதவு திறந்ததாக எங்களுக்கு சிக்னலே வரலையே சார். நீங்க அலாரம் போடாம போயிருப்பீங்க" என்றார்கள். போட்டதற்கான பதிவு அவர்கள் செயலியிலேயே இருக்கிறது என்று காட்டியதும் பேச்சு மாறியது. கதவு திறப்பதைக் கவனிக்கும் சென்சாரின் பேட்டரியைப் பார்த்துக்கொள்வது வாடிக்கையாளர் பொறுப்பாம், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருக்கிறதாம். பேட்டரி தீர்ந்தால் பேனல் தானாகச் சொல்லும் என்று விற்க வந்தவர் எங்கள் ஹாலில் உட்கார்ந்து சொன்னதை, வாய்வார்த்தை என்று தள்ளிவிட்டார்கள்.

என் மச்சான் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கிறவர். பின்கதவு சென்சாரைக் கழற்றி மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பேட்டரி, ஒரு சின்ன சிப், கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் விலகினால் அந்தத் தகடுகளின் நிலை மாறும், உடனே சிப் ஒரு குறியீட்டை ரேடியோவில் அனுப்பும். அவ்வளவுதான் வேலை. மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடந்தது.

"அத்தான், இது வாய் மட்டும் உள்ளது, காது கிடையாது. கதவு திறந்தால் மட்டும்தான் பேசும். மற்ற நேரம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பேனலுக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

நான் எல்லோரிடமும் சொல்ல விரும்புவது இதைத்தான். எங்கள் பேனலுக்கு மூடிய கதவும் செத்த சென்சாரும் ஒன்றே. இரண்டிலிருந்தும் சத்தம் வராது. அதனால் இரண்டுக்கும் பச்சை விளக்கு. இத்தனை மாதம் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் "கண்காணித்தது" இந்த மௌனத்தை.

ஒழுங்கான வயர்லெஸ் அமைப்புகள் பலவற்றில் சென்சாரும் பேனலும் இருவழியாகப் பேசிக்கொள்ளும். குறித்த இடைவெளியில் ஒவ்வொரு சென்சாரும் "இருக்கிறேன்" என்று ஆஜர் கொடுக்கும். கொடுக்காவிட்டால் பேனல் எச்சரிக்கும். இது ஏதோ புது ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். பழைய ஒயர் போட்ட அலாரங்களிலேயே இதே யோசனை இருந்தது. கதவு மூடியிருக்கும்வரை மின்சுற்று முழுமையாக இருக்கும். யாராவது ஒயரை வெட்டினாலும் சுற்று அறுந்து அலாரம் அடிக்கும். எங்களுக்கு வந்து சேர்ந்தது அதைவிடக் கீழான சரக்கு.

மச்சான் இன்னொன்றும் காட்டினார். எங்கள் செட்டில் இருந்தது 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் இவி1527 வகை சிப். ஒவ்வொரு முறையும் அது அனுப்புவது அதே மாறாத குறியீடுதான். ரிமோட்டிலும் அப்படியே. அலாரத்தை அணைக்க நான் பொத்தானை அழுத்தியதை ஒரு மலிவான ரிசீவரில் பதிந்துகொண்டார். பிறகு அலாரத்தைப் போடச் சொல்லிவிட்டு, பதிந்ததைத் திருப்பி அனுப்பினார். அலாரம் அணைந்துவிட்டது. என் மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் வீட்டில் திருடன் இந்த வழியில் வரவில்லை, ஆனால் வந்திருக்க முடியும். வாங்கும்போது ரோலிங் கோட் இருக்கிறதா, அதாவது ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறுமா என்று கேளுங்கள். "என்க்ரிப்ஷன் (செய்தியை மறைகுறியாக்கி அனுப்புவது) இருக்கு சார்" என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். செயலிக்கும் சர்வருக்கும் நடுவில் இருக்கும் என்க்ரிப்ஷனைக் காட்டி, ரிமோட்டுக்கும் பேனலுக்கும் நடுவில் இருக்கும் ஓட்டையை மறைப்பார்கள்.

அப்புறம் "சிம் பேக்கப்". வைஃபை போனால் சிம் வழியாகச் செய்தி வரும் என்றார்கள். திறந்து பார்த்தால் வெறும் 2ஜி மாட்யூல், அதாவது பழைய தலைமுறை மொபைல் நெட்வொர்க்கில் மட்டும் பேசும் பாகம். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2017 தொடக்கத்திலேயே 2ஜியை மூடிவிட்டது, சிங்கப்பூரிலும் அதே ஆண்டு ஏப்ரலில் 2ஜி நின்றது. பல நாடுகளில் 3ஜியும் போய்க்கொண்டிருக்கிறது. பழைய மாட்யூல் உள்ள பேனல்கள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் ஊர் நெட்வொர்க்கில் அந்தப் பேனல் எந்தத் தலைமுறையில் பேசும் என்று எழுத்தில் வாங்குங்கள். வைஃபையை மட்டும் நம்பும் கருவி என்றால், கரண்ட் போனதும் ரவுட்டர் அணையும். பேனலுக்குள் பேட்டரி இருந்தும் செய்தி வெளியே போக வழி இருக்காது.

சைரன் 120 டெசிபல் என்று பெட்டியில் போட்டிருந்தது. எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று போடவில்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும், நடுவில் சுவர் வந்தால் இன்னும் குறையும். அதைவிடப் பெரிய கோளாறு, சைரன், பேட்டரி, சிம் எல்லாமே அந்த ஒரே பேனலுக்குள் இருந்ததுதான். அதைக் கொண்டுபோய் வாசலுக்கு எதிரே, உள்ளே நுழைந்தவுடன் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டியிருந்தார்கள். நாம் உள்ளே வந்து குறியீட்டை அழுத்துவதற்காக அரை நிமிடம் போல அவகாசம் கொடுத்திருப்பார்கள் இல்லையா, பேனலைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் அடிக்க அந்த அவகாசம் தாராளம். சைரன் தனியாக, உயரத்தில், வெளியே இருக்க வேண்டும்.

தரச்சான்று கேட்டபோது பெட்டியில் இருந்த சிஇ குறியைத்தான் விற்பனையாளர் விரலால் தொட்டுக் காட்டினார். சிஇ குறி, பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் போடும் அடையாளம்; திருட்டைத் தடுக்கும் திறனுக்கான சான்று கிடையாது. அலாரங்களுக்கென்றே ஐரோப்பாவில் இஎன் 50131 என்ற தரவரிசை இருக்கிறது. 1 முதல் 4 வரை நிலைகள், வீடுகளுக்குப் பெரும்பாலும் 2ஆம் நிலை. அந்த நிலையில் கரண்ட் இல்லாமல் 12 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். உங்கள் நாட்டில் வேறு தரம் இருக்கலாம். ஆனால் "எந்தத் தரம், எந்த நிலை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் திணறுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

இனி ஒப்பந்தம். ரத்து செய்கிறேன் என்றதும்தான் அதன் முழு உருவம் தெரிந்தது. மீதி மாதங்களுக்கான கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டுமாம். "இலவசமாக" வந்த கருவியின் விலையைப் போல அது பல மடங்கு. காலம் முடிந்தாலும், முன்கூட்டியே எழுதிக் கொடுக்காவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். சரி, கருவியையாவது வைத்துக்கொண்டு வேறு ஆளை வைத்துச் சரிசெய்யலாம் என்றால், பேனல் அவர்களுடைய இன்ஸ்டாலர் கோடில் (அமைப்புகளை மாற்றத் தேவையான ரகசிய எண்) பூட்டப்பட்டிருக்கிறது, அதைத் தர மாட்டார்கள். கண்காணிப்பு மையத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னது கடைசியில் ஒரு தானியங்கிக் குறுஞ்செய்தி. புகார் கொடுத்திருக்கிறோம், நடந்துகொண்டிருக்கிறது. எழுத்தில் இல்லாத எந்த வாக்குறுதிக்கும் அங்கே மதிப்பில்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

கையில் குறைவாகப் பணம் இருப்பவர்கள் அலாரமே வாங்கக் கூடாதா என்று கேட்காதீர்கள், தாராளமாக வாங்கலாம். சென்சார்களைக் குறைத்துக்கொண்டு பேனலை நல்லதாக எடுங்கள். முன்கதவு, பின்கதவு, தரைத்தளத்தில் எட்டக்கூடிய ஜன்னல்கள், அறைகளுக்குப் போகும் நடையில் ஒரு மோஷன் சென்சார். பெரும்பாலான வீடுகளுக்கு ஆரம்பத்தில் இது போதும், பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். மோஷன் சென்சாரை மூலையில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மாட்டச் சொல்லுங்கள். அது உடல் வெப்பம் இடம் மாறுவதைப் பார்க்கிறது. நேராக அதை நோக்கி வருகிறவரைவிட, குறுக்கே நடக்கிறவரை நன்றாகப் பிடிக்கும். வெயில் விழும் ஜன்னலைப் பார்த்து வைத்தால் தேவையில்லாமல் கத்தும், கடைசியில் நீங்களே அணைத்து வைத்துவிடுவீர்கள். கருவி, இன்ஸ்டாலர் கோடு இரண்டும் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அலாரம் அணைந்திருக்கும்போது, ஒரு கதவு சென்சாரின் பேட்டரியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். மூடியைத் திறந்ததற்கே சில பேனல்கள் உடனே எச்சரிக்கும், நல்லது. இல்லையென்றால் ஒரு நாள் முழுக்கக் காத்திருங்கள். அதற்குப் பிறகும் பேனலோ போனோ வாய் திறக்காமல் "எல்லாம் சரி" என்றே காட்டினால், திரையைப் படம் எடுத்து, தேதியோடு நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பிப் பதில் கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.