ட்ரில் பிட்டின் வால்: வேப் காயிலை ஒன்பது வருஷம் கையால் சுற்றிய அனுபவம்

நம்மவர் வீடுகளில் பட்டர் பிஸ்கட் தகர டப்பா இருந்தால் உள்ளே ஊசி நூல்தான் இருக்கும். என் டப்பாவில் கம்பிச் சுருள் ஒன்று, 2.5 மில்லிமீட்டர் ட்ரில் பிட், நகவெட்டி, சின்ன ஸ்க்ரூட்ரைவர், ஒரு துணிக்கிளிப், சின்னக் குறடு. லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கிறேன். ஒன்பது வருஷமாக என் வேப்புக்கான, அதாவது மின்சிகரெட்டுக்கான காயிலை, திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் அந்தக் குட்டிக் கம்பிச் சுருளை, இந்த டப்பாவை வைத்துத்தான் சுற்றுகிறேன்.

முதலிலேயே ஒன்று. சிகரெட் பழக்கமே இல்லாதவர் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். நிகோடின் ஒட்டிக்கொண்டால் விடாது. நான் பதினைந்து வருஷம் சிகரெட் பிடித்தவன். 2015-ல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை, சிகரெட்டோடு ஒப்பிட்டால் வேப்பின் தீங்கு ஏறக்குறைய 95 சதவீதம் குறைவு என்று ஒரு மதிப்பீடு வெளியிட்டது. குறைவு என்றுதான் சொன்னார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது, மாறினேன்.

கடையில் வாங்கும் காயில் ஐந்து கொண்ட பாக்கெட் பன்னிரண்டு பவுண்டு. ஒன்று ஒரு வாரம் தாங்கும், சில சமயம் மூன்றாம் நாளே கருகும். 2016 கடைசியில் கூட வேலை பார்த்த நண்பர் காயிலை நாமே கட்டிக்கொள்ளும் தன் பழைய ரீபில்டபிள் டேங்கைக் கொடுத்து, "நீயே சுத்திக்கடா, பைசாக் கணக்குதான் ஆகும்" என்றார். கம்பி வாங்கப் போனேன். கடைக்காரர் "கான்தல்" என்றார். என் காதில் "காந்தல்" என்று விழுந்தது. அடிப்பிடித்த சோற்றின் பேரிலா கம்பி என்று சிரித்தேன். முதல் வாரம் முழுக்க எனக்குக் கிடைத்த ருசி அதுவேதான்.

அந்த முதல் காயிலை மூங்கில் குச்சியில் சுற்றினேன். கையை எடுத்ததும் கம்பி ஸ்பிரிங் மாதிரி விரிந்து, பாகற்கொடியின் பற்றுக்கம்பி போல ஆளுக்கொரு பக்கம் பார்த்தது. கடைசிச் சுற்று மட்டும் பழுக்கக் காய்ந்தது, நடுவில் சூடே இல்லை. காயிலுக்குள் திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சு அந்த ஓரத்தில் கருகியது. சுற்று நெருக்கமாக இல்லாவிட்டால் என்ன, புகை வந்தால் சரி என்று நினைத்திருந்தேன். அழகுக்காக அல்ல, ஒரே சீராகச் சூடாகத்தான் நெருக்கம் தேவை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம். சுவீடனில் ஹால்ஸ்டாஹாமர் என்ற ஊரில் ஹான்ஸ் ஃபான் கான்ட்ஸோ என்பவர் உருவாக்கியது. அவர் பேரிலும் ஊர்ப் பேரிலும் பாதிப் பாதி எடுத்துக் 'கான்தல்' ஆக்கினார்கள். பழுக்கக் காய்ச்சினால் உள்ளேயிருக்கும் அலுமினியம் மேலே வந்து, காற்றோடு சேர்ந்து மெல்லிய அலுமினா படலமாகப் படியும். அதில் மின்சாரம் பாயாது. அதனால்தான் சுற்றுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றாலும் ஷார்ட் ஆவதில்லை. கோயம்புத்தூரில் என் பெரியப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அங்கே செம்புக் கம்பி மேல் வார்னிஷ் பூசி வரும். நகம் பட்டு வார்னிஷ் உரிந்தால் மோட்டார் போச்சு, முதுகில் அடியும் விழும். இந்தக் கம்பி தன் வார்னிஷைத் தானே போட்டுக்கொள்கிறது. பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

இப்போது நான் செய்யும் முறை. 28 கேஜ் கம்பி, அதாவது 0.32 மில்லிமீட்டர் தடிமன். ஒரு சாணை விடக் குறைவாக, 15 சென்டிமீட்டர் வெட்டுகிறேன். குறட்டால் ஒரு முனையைப் பிடித்துக் கேஸ் அடுப்பின் நீலத் தழலில் மெதுவாக இழுக்க வேண்டும். தழல் பட்ட இடம் சிவந்து, சிவப்பு கூடவே நகர்ந்து வரும். முழு நீளமும் ஒருமுறை சிவந்து ஆறினால் கம்பியின் திமிர் அடங்கிவிடும். வளைத்தால் வளைந்த இடத்திலேயே நிற்கும். எனக்கு இது தெரிய ஏழெட்டு மாதம் ஆனது. அதுவரை விரல் வலிக்க இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்து ட்ரில் பிட். துளைபோடும் முறுக்குப் பகுதி அல்ல, அதன் வழவழப்பான வால் பகுதி. கம்பியின் ஒரு முனையைப் பிட்டோடு சேர்த்துத் துணிக்கிளிப்பால் கவ்விவிடுகிறேன். மறுமுனையைக் குறட்டின் வாயில் கொடுத்து, பிடியை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, குறட்டை மேசை ஓரத்திலிருந்து தொங்க விடுகிறேன். குறட்டின் எடையே கம்பியை ஒரே விசையில் இழுத்துப் பிடித்திருக்கும். இரண்டு கைகளாலும் பிட்டைக் கிடையாகப் பிடித்து உருட்டினால், கிணற்று வாளி மாதிரி குறடு மேலே ஏறி வரும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் தோளில் சாய்ந்து உட்கார வேண்டும். அதற்குப் பிட்டை ஒரு மயிரிழை சாய்த்துப் பிடித்தால் போதும். ஆறு சுற்று. மகன் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் இதைச் செய்யக் கூடாது, மேசை ஆடும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 18 ஓம். 2.5 மில்லிமீட்டர் பிட்டில் ஆறு சுற்றுக்கு 53 மில்லிமீட்டர் கம்பி போகும், திருகில் மாட்டும் இரண்டு முனைகளுக்கும், அதாவது கால்களுக்கும் சேர்த்து ஒரு எட்டு. மொத்தம் 61 மில்லிமீட்டர், அதாவது 1.1 ஓம். 'மாட்' எனப்படும் வேப்பின் பேட்டரிப் பெட்டித் திரையிலும் 1.08, 1.12 என்று அதை ஒட்டித்தான் காட்டும். வீட்டு மல்டிமீட்டரை வைத்து அளந்து நான் ஏமாந்திருக்கிறேன். அதன் ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். முதலில் இரண்டு முனைகளையும் ஒட்டவைத்து வரும் எண்ணைக் கழித்துவிட வேண்டும்.

கால்களை டேங்கின் திருகில் மாட்டும்போது, திருகு இறுகும் திசையிலேயே கம்பி வளைந்து போக வேண்டும். மாற்றி வைத்தால் திருகத் திருகக் கம்பி வெளியே தள்ளப்படும், அரும்பாடுபட்டுச் சுற்றியது கோணிக்கொள்ளும். மிச்சக் காலை நகவெட்டியால் ஒட்ட வெட்டுகிறேன். கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் மூடியில் பட்டு ஷார்ட்; இரண்டு முறை பார்த்தாயிற்று.

பிறகு பஞ்சு வைக்காமல் 10 வாட்டில் ஒரு விநாடி பட்டனை அழுத்துகிறேன். முதலில் ஓரங்கள்தான் சிவக்கும். பட்டனை விட்டுவிட்டு, ஸ்க்ரூட்ரைவர் முனையால் வீணைத் தந்தியை மீட்டுவதுபோல் சுற்றுகளை லேசாகத் தடவ வேண்டும். இடுக்கியால் பக்கவாட்டில் மெல்ல நெருக்க வேண்டும். பட்டனை அழுத்திக்கொண்டே உலோக இடுக்கியால் தொடவே கூடாது, அது நேரடி ஷார்ட். நாலைந்து தடவை இப்படிச் செய்தால், சுற்றுகளுக்கு நடுவே அந்தப் படலம் படிந்து, சிவப்பு நடுவில் பிறந்து இரண்டு ஓரத்துக்கும் சமமாகப் பரவும். அதைப் பார்க்கும்போது வரும் திருப்தி இருக்கிறதே, வெட்கத்தை விட்டுச் சொன்னால் முதல் இழுப்பை விடப் பெரிது.

பஞ்சு, மோதிரம் விரலில் போவதுபோல் லேசான உராய்வோடு காயிலுக்குள் நுழைய வேண்டும். திணித்தால் காந்தல், தளர்ந்தால் ஒழுகல்.

வாங்கி வீணானவை உண்டு. பதினைந்து பவுண்டுக்கு ஒரு காயில் சுற்றும் கருவி, அளவுவாரியாக ஆறு தண்டுகளோடு. கம்பியைக் காய்ச்சிய பிறகு அதற்கு வேலையே இல்லை, இழுப்பறையில் கிடக்கிறது. பீங்கான் முனை இடுக்கி மட்டும் கொடுத்த காசுக்கு உழைக்கிறது. 2017 குளிர்காலத்தில் கிளாப்டன் பைத்தியம் பிடித்தது: 26 கேஜ் கம்பியை ட்ரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, அதன் மேல் அதைவிட மெல்லிய 36 கேஜை கிட்டார் தந்தி மாதிரி சுற்றுவது. பார்க்க நகை போல இருந்தது. சூடாக நேரமெடுத்தது, பேட்டரியைக் குடித்தது, இடுக்குகளில் கரி அடைந்தால் போகவே இல்லை. ஒரே மாதத்தில் சாதாக் கம்பிக்குத் திரும்பிவிட்டேன்.

பேட்டரியில் மட்டும் சிக்கனம் பார்ப்பதில்லை. 18650 செல்லின் மேலுறை கீறியிருந்தால் உடனே புது உறை. வெளியே போனால் பிளாஸ்டிக் பெட்டிக்குள்தான். சாவிக்கொத்தோடு பையில் போட்டவர் தொடையைச் சுட்டுக்கொண்ட படங்களைப் பார்த்தவன் நான். பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத மெக்கானிக்கல் 'மாட்' வகையைத் தொட்டதே இல்லை.

பஞ்சு நாலைந்து நாள், காயில் ஏழெட்டு வாரம் தாங்கும். முன்பெல்லாம் கரி ஏறினால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் கழுவித் திரும்பப் பயன்படுத்துவேன். இப்போது தூக்கிப் போட்டுவிடுகிறேன். நாலு பவுண்டு கொடுத்த பத்து மீட்டர் கம்பியில் அறுபத்தைந்து காயில் வரும், ஒன்றுக்கு ஆறு பென்ஸ். அதில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது. 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் விற்பனைக்கு இங்கே தடை வந்தபோது அலுவலகத்தில் பலர் புலம்பினார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஊருக்குப் போகும்போது டப்பா இங்கேயே இருக்கும். இந்தியாவில் 2019 சட்டப்படி வேப் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாமே குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம். மூன்று வாரம் நிகோடின் கம் மென்றுகொண்டு சமாளிக்கிறேன். வேப் திரவத்தின் நிகோடின் அளவில் 18 மில்லிகிராமில் தொடங்கி 3-க்கு இறங்கியிருக்கிறேன், பூஜ்யம் இன்னும் வரவில்லை. வெள்ளெழுத்து வந்துவிட்டது, கண்ணாடி போடாமல் ஆறாவது சுற்றை எண்ண முடிவதில்லை.

போன மாதம் சுவரில் படம் மாட்ட மனைவி டப்பாவிலிருந்து அந்தப் பிட்டை எடுத்துத் துளைபோட்டிருக்கிறாள். செங்கல்லில் பட்டு முனை மழுங்கிவிட்டது, புதிது வாங்கித் தருகிறேன் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றேன். ஒன்பது வருஷத்தில் அந்த முனையை நான் ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை.