மைக்கேல் ராக்ஃபெல்லருக்கு என்ன ஆனது? மூன்று விளக்கங்களும் ஒரே எடை அல்ல

1961 நவம்பர் 18. நியூகினித் தீவின், அப்போது டச்சு ஆட்சியில் இருந்த தென்மேற்குக் கரையில், அஸ்மத் மக்கள் வாழும் சதுப்புநிலப் பகுதியில், ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே ஓலைக்கூரை போட்டு, பின்னால் ஒரு மோட்டார் வைத்த படகு. அதில் இருந்தவர்கள் நான்கு பேர்: நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரின் 23 வயது மகன் மைக்கேல், டச்சு மானுடவியலாளர் ரெனே வாசிங், அஸ்மத் பையன்கள் இருவர். பையன்கள் நீந்திக் கரையேறி உதவி தேடிப் போனார்கள். மற்ற இருவரும் கவிழ்ந்த படகின் மேல் இரவைக் கழித்தார்கள். நீரோட்டம் அவர்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போனது. மறுநாள் காலை மைக்கேல் இரண்டு காலி பெட்ரோல் கேன்களைக் கட்டிக்கொண்டு, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வாசிங்கிடம் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். வாசிங் அதற்கடுத்த நாள் காப்பாற்றப்பட்டார். மைக்கேல் கிடைக்கவில்லை.

இந்த வழக்கைப் பற்றிய ஆவணப்படங்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் மூன்று பதில்களை வரிசையாக வைத்துவிட்டு, முடிவைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுகின்றன. கடலில் இறந்தார், காட்டுக்குள் உயிரோடு இருந்துவிட்டார், கொல்லப்பட்டார். மூன்றுக்கும் சம நேரம் கொடுப்பது நியாயம் போலத் தோன்றும். ஆதாரங்களை எடுத்துப் பார்த்தால் அது நியாயம் இல்லை.

உயிரோடு இருந்தார் என்ற கதையை முதலில் முடித்துவிடலாம். 1969-ல் மில்ட் மக்லின் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், வெள்ளைக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கேமராவோடு தேடிப் போனார். அப்போது எடுத்த காட்சிகளை வைத்து, பல ஆண்டுகள் கழித்து ஃப்ரேசர் ஹெஸ்டன் ஓர் ஆவணப்படம் செய்தார். அதில் ஒரு காட்சி பரவலாகப் பேசப்பட்டது: கறுத்த உடல்களுக்கு நடுவே வெளிறிய தோலும் தாடியுமாக ஒருவர் தோணியில் துடுப்புப் போடுகிறார். பார்த்தவுடன் மனம் துள்ளும், சரி. ஆனால் அந்த உருவத்துக்குப் பெயர் இல்லை, பேச்சு இல்லை. தோலில் நிறமி இல்லாமல் பிறந்த உள்ளூர்க்காரராகவும் இருக்கலாம். உலகத்தின் பெரிய பணக்காரக் குடும்பம் ஒன்று தேடிக்கொண்டிருந்த ஆளை, பொருள் வாங்க வருகிறவர்களும் பாதிரியார்களும் அதிகாரிகளும் நடமாடும் கரையில் எட்டு வருடம் ஒளித்து வைத்திருக்க வேண்டும். அவரும் ஒரு முறைகூட வெளியே வர விரும்பியிருக்கக் கூடாது. எனக்கு இது ஒப்பவில்லை.

கடல் என்ற விளக்கம் அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. 1964-ல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. குடும்பமும் நீண்ட காலம் இதைத்தான் ஏற்றுக்கொண்டிருந்தது. கரை பத்துப் பன்னிரண்டு மைல் தூரம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இரவெல்லாம் வெட்டவெளியில் கிடந்த உடம்பு. அந்தக் கடலில் சுறா உண்டு, முகத்துவாரங்களில் முதலை உண்டு. கரை என்றால் மணல் அல்ல, கால் புதையும் சேறு, அதற்குப் பின்னால் அலையாத்தி வேர்கள். நல்ல நீச்சல்காரருக்கே இது உயிரோடு விளையாடும் காரியம். மறுபக்கம், தண்ணீர் குளிர்ந்ததல்ல, வயது இளமை, மிதக்கக் கேன்கள் இருந்தன. கரை சேர்ந்திருக்கவே முடியாது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது விளக்கத்தைப் புரிந்துகொள்ள 1958-க்குப் போக வேண்டும். படங்கள் அவசரப்படுவது இங்கேதான். அந்த வருடம் டச்சு அதிகாரி மேக்ஸ் லெப்ரே, ஊர்களுக்கிடையே நடந்த கொலைகளுக்குப் பாடம் கற்பிக்க ஒச்சனெப் என்ற கிராமத்துக்கு ஆயுதப் போலீசாரோடு போனார். துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தார் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊரின் தலைமைக்காரர்கள்.

அஸ்மத் மக்களுக்கு அது முடிந்துபோன சம்பவம் அல்ல. எதிரியால் கொல்லப்பட்டவருக்காக அவர்கள் பிஸ் என்ற தூணைச் செதுக்குவார்கள். அலையாத்தி மரத்தை வெட்டித் தலைகீழாக நிறுத்துவார்கள். பலகை போல விரிந்த ஒரு வேரை மட்டும் விட்டுவைத்து, அதைத் தூணின் உச்சியில் சிறகு மாதிரி துளைவேலையோடு செதுக்குவார்கள். அதன் கீழே இறந்தவர்களின் உருவங்கள் ஒருவர் தோளில் ஒருவராக நிற்கும். சடங்கு முடிந்ததும் தூணைச் சாகோ மரத்தோப்பில் கொண்டுபோய் மட்கவிட்டுவிடுவார்கள். தூண் என்பது கடன். பதிலுக்கு ஓர் உயிர் போனால்தான் கணக்கு நேராகும். மைக்கேல் ஆசையாகச் சேகரித்தவை இதே தூண்கள்தான். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் அவர் பெயரில் இருக்கும் பிரிவில் அவை உயர்ந்து நிற்கின்றன. 1982-ல் திறந்த அந்தப் பிரிவு புதுப்பிக்கப்பட்டு 2025-ல் மறுபடி திறந்தது.

மைக்கேல் கரையை நெருங்கிய நேரத்தில் ஒச்சனெப் ஆண்கள் அரசு முகாமிலிருந்து தோணிகளில் திரும்பிக்கொண்டிருந்தார்கள் என்பது இந்த விளக்கத்தின் மையம். அடுத்த சில வாரங்களிலேயே அந்த மொழி தெரிந்த டச்சுப் பாதிரியார்கள் இருவர், வான் கெசலும் வொன் பெய்யும், கிராமங்களில் கேட்டதை மேலிடத்துக்கு எழுதினார்கள்: மைக்கேல் கொல்லப்பட்டார், மண்டையோடும் எலும்புகளும் இன்னின்னார் வீட்டில் இருக்கின்றன. அவர் உடுத்தியிருந்த குட்டைக் கால்சட்டை எப்படி இருந்தது என்பதுகூட அந்தப் பேச்சில் வந்தது. 1962-ல் ஓர் இளம் டச்சு அதிகாரியை ஒச்சனெப்பில் தங்கவைத்தார்கள். ஊரார் அவரிடம் ஒரு மண்டையோட்டைக் கொடுத்தார்கள்: கீழ்த்தாடை இல்லை, நெற்றிப்பொட்டில் ஓட்டை. மூதாதையரின் மண்டையோட்டில் தாடை இருக்கும்; எதிரியினுடையதில்தான் இந்த அடையாளங்கள். அவர் அதை மேலதிகாரிகளிடம் ஒப்படைத்தார். அதன்பிறகு அவருக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

ஏன் இந்த மௌனம்? அந்த மாதங்களில் நெதர்லாந்து ஐ.நா.வில், மேற்கு நியூகினியைச் சுயாட்சிக்குத் தயார் செய்வதாக வாதாடிக்கொண்டிருந்தது. இந்தோனேசியா அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. தன் ஆட்சிப் பகுதியில் அமெரிக்க ஆளுநரின் மகன் தலைவேட்டைக்கு இரையானார் என்று ஒப்புக்கொள்வதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. 1963 மே மாதம் ஆட்சி இந்தோனேசியாவிடம் போனது, கோப்புகள் நெதர்லாந்தின் ஆவணக்காப்பகத்தில் தங்கிவிட்டன. கார்ல் ஹாஃப்மன் என்ற பத்திரிகையாளர் அவற்றைத் தேடிப் படித்து, அஸ்மத்துக்கே போய்த் தங்கி, 2014-ல் புத்தகமாக எழுதிய பிறகுதான் இந்த விவரங்கள் பலருக்கும் தெரியவந்தன.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பாதிரியார்கள் கேட்டதெல்லாம் செவிவழிச் செய்தி. பக்கத்து ஊர்களுக்கும் ஒச்சனெப்புக்கும் பகை இருந்தது, ஒருவர் மேல் ஒருவர் பழிபோடக் காரணம் இருந்தது. புகையிலையும் கோடரியும் கொண்டு வெளியாட்கள் கதை கேட்டு வந்த இடத்தில் கதைகள் பெருகும். அதுவரை வெள்ளைக்காரரை அவர்கள் கொன்றதில்லை என்பதும் யோசிக்க வைக்கிறது. மைக்கேலுடையது என்று உறுதிசெய்யப்பட்ட ஒரு பொருள்கூட இதுவரை வெளிவரவில்லை.

எடை போட்டால், என் கணக்கில் கொலை முன்னால் நிற்கிறது, கடல் அதற்கு அடுத்து. உயிரோடு இருந்தார் என்பது பந்தயத்திலேயே இல்லை. காரணம், காலம், இடம், அப்போதே எழுதப்பட்ட அறிக்கை நான்கும் சேர்ந்து நிற்பது கொலை விளக்கத்தில் மட்டும்தான். அதோடு, அஸ்மத் மக்களைக் காரணமில்லாமல் கொல்லும் காட்டு மனிதர்களாகக் காட்டாமல், துப்பாக்கியால் தலைவர்களை இழந்த ஊராகப் பார்க்க முடிவதும் இதில்தான். பல படங்களில் மைக்கேலின் பெயர் நூறு முறை வருகிறது. 1958-ல் சுடப்பட்ட ஃபராட்ஸ்யாம், ஓசோம், அகோன், சமுத், இபி ஆகியோரின் பெயர் ஒரு முறைகூட வருவதில்லை. அவர்களை விட்டுவிட்டால் கொலைக்குக் காரணமே இல்லாமல் போகிறது, பிறகு மூன்று பதில்களும் சமம் போலத் தெரிகின்றன.

இந்த வழக்கை மறுபடி படமாக்குகிறவர்கள் காட்டுக்குள் போவதற்கு முன்னால் அந்த 1962 மண்டையோடு கைமாறிய பாதையைத் தேடட்டும். அது கிடைத்து, மரபணுச் சோதனையில் மைக்கேலுடையது என்று தெரிந்தால் கொலை உறுதியாகும், இல்லை என்று தெரிந்தால் கடல் முன்னுக்கு வரும்.