லுக்லா போக: விமானமா, ஹெலிகாப்டரா?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் கிளம்புகிறவர்கள் மூச்சுத் திணறலைப் பற்றியும் குளிரைப் பற்றியும் மாதக்கணக்கில் கவலைப்படுவார்கள். நடை தொடங்கும் நேபாள மலையூரான லுக்லாவுக்குக் காட்மாண்டுவிலிருந்து எதில் போவது என்பதைக் கடைசி வாரத்தில் யோசிப்பார்கள். விலையை மட்டும் பார்த்தால் யோசிக்க ஒன்றுமில்லை. பிறரோடு பங்கிட்டுப் போனாலும் ஹெலிகாப்டருக்கு விமானக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்காவது ஆகும். அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் குழப்பம்.

விமானத்தில் தொடங்குவோம். தாரா ஏர், சம்மிட் ஏர், சீதா ஏர் ஆகியவை இந்தத் தடத்தின் பழைய கைகள். ட்வின் ஆட்டர், டோர்னியர், எல்-410 என்று இருபது பேருக்குள் அடங்கும் சிறு விமானங்கள்தான். லுக்லா ஓடுதளத்தின் நீளம் 527 மீட்டர். சரிவு ஏறக்குறைய 12 சதவீதம். மேட்டைப் பார்த்து இறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கி ஓடிப் புறப்பட வேண்டும். ஓடுதளத்தின் மேல்முனையில் மலை நிற்பதால், இறங்க நெருங்கிவிட்ட விமானத்துக்கு மறுபடி மேலேறி ஒரு சுற்று வரும் வாய்ப்பு இல்லை. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்குகிறார். அதனால் பள்ளத்தாக்கில் மேகம் அடைத்துவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. பிற்பகலில் காற்று கிளம்பிவிடும். எல்லோருக்கும் காலை நேரம்தான் வேண்டும்.

கூட்டம் மிகுந்த மாதங்களில் இன்னொரு தொல்லை. காட்மாண்டு விமான நிலைய நெரிசலைக் குறைக்க, லுக்லா விமானங்களை ராமேசாப் மாவட்டத்து மந்தலிக்கு மாற்றிவிடுகிறார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ காட்மாண்டுவில் வண்டி ஏறி, நான்கைந்து மணி நேரம் மலைப்பாதையில் குலுங்கி, விடியும்போது போய் நிற்க வேண்டும். பறப்பது இருபது நிமிடம். பை, கைப்பை எல்லாம் சேர்த்து 15 கிலோதான். அதற்கு மேல் என்றால் கூடுதல் கட்டணம், அதுவும் விமானத்தில் இடமிருந்தால்.

ஹெலிகாப்டர் காட்மாண்டுவிலிருந்தே கிளம்பும். பெரும்பாலும் ஏர்பஸ் எச்125 வகை. ஐந்து பயணிகள் உட்காரலாம். இந்த வகையின் முன்னோடியான ஏஎஸ்350 பி3 தான் 2005 மே மாதம் எவரெஸ்ட் உச்சியிலேயே இறங்கியது. ஆனாலும் உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், சுமக்கும் திறன் குறையும். எவரெஸ்டைப் பார்க்க ஏறும் காலாபத்தர் மேட்டுக்குச் சுற்றிப்பார்க்கப் போகும் ஹெலிகாப்டர்கள், வழியிலுள்ள பெரிச்சே கிராமத்தில் பாதிப் பேரை இறக்கிவிட்டு, இரண்டு நடையாக மேலே கொண்டுபோவது இதனால்தான். அதனால் ஏறும்முன் பையோடு சேர்த்து ஆளையும் தராசில் நிறுத்துவார்கள். கூச்சப்பட்டுப் பயனில்லை.

விமானம் நின்றுபோன நாளிலும், மேகத்தில் ஒரு இடைவெளி கிடைத்தால் ஹெலிகாப்டர் நுழைந்துவிடும். கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது இதுதான். ஆபத்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. காசு கூடக் கொடுத்தால் பாதுகாப்பும் கூடும் என்று நினைப்பவர்கள் 2023 ஜூலையை நினைத்துப் பார்க்கலாம். லுக்லாவுக்குக் கீழே சுர்கேயிலிருந்து காட்மாண்டு திரும்பிய மனாங் ஏர் ஹெலிகாப்டர் மலையில் விழுந்து, மெக்சிகோ பயணிகள் ஐவரும் விமானியும் இறந்தார்கள். அதன்பின் விமானப் போக்குவரத்து ஆணையம் அவசியமற்ற ஹெலிகாப்டர் பறப்புகளைச் சில மாதங்களுக்கு நிறுத்தியது. நிறுத்தியவற்றில் வானிலிருந்து பூத்தூவுவதும் ஒன்று!

விமானத்தின் கணக்கும் சுத்தமில்லை. 2008 அக்டோபரில் லுக்லாவில் மூடுபனியில் இறங்க முயன்ற எட்டி ஏர்லைன்ஸ் ட்வின் ஆட்டர் நொறுங்கி 18 பேர் இறந்தார்கள். 2019 ஏப்ரலில் புறப்பட ஓடிய எல்-410 விலகிப்போய், நின்றிருந்த ஹெலிகாப்டரில் மோதி மூவர் உயிர் போனது. நேபாளத்து விமான நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே ‘எது பாதுகாப்பு’ என்று கேட்டால் என் பதில், காலை வெளுத்த வானத்தில் போகும் எதுவும்.

நானாக இருந்தால் போகும்போது விமானம். கையில் இரண்டு நாள் உபரி வைத்துக்கொண்டால் போதும், பணம் மிஞ்சும். திரும்பும்போது, மறுநாள் ஊருக்கு விமானம் இருந்து, லுக்லாவில் இரண்டு நாளாக மேகம் கலையாமல் இருந்தால் மட்டும் ஹெலிகாப்டருக்குப் பணப்பையை அவிழ்ப்பேன். அதுவும் விமானி ‘இன்று வேண்டாம்’ என்றால் விடுதிக்கே திரும்பிவிடுவேன். அந்த நேரத்தில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். லேசான தலைவலிக்கும் ‘மீட்பு ஹெலிகாப்டர்’ அழைத்துக் காப்பீட்டில் பணம் கறந்த மோசடி 2018இல் பெரிதாக வெடித்தது. உடன்வரும் வழிகாட்டி சற்று அவசரமாகவே ஹெலிகாப்டரைப் பற்றிப் பேசினால், முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள்.

இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு லுக்லாவுக்குக் கீழேயுள்ள சல்லேரி ஊர் வரை ஜீப் இருக்கிறது, மீதி நடை. முதுகெலும்பு ஒத்துழைக்க வேண்டும்.