மின்வாசிப்பானில் தமிழ் நாவல்கள்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிய வருபவை

மின்வாசிப்பான் என்றதும் பேச்சு எந்த மாடல், எத்தனை இன்ச் என்றுதான் தொடங்குகிறது. தமிழ் நாவல்கள் படிப்பவருக்குக் கருவியைவிடக் கோப்புதான் முக்கியம். சுமாரான கருவியில் ஒழுங்கான கோப்பு சுகமாகப் படிக்கலாம். உயர்ந்த கருவியில் மோசமான கோப்பு பத்துப் பக்கத்துக்குள் சலித்துவிடும்.

கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். திரையின் அடர்த்தி 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) இருக்கட்டும். அமேசானின் மின்வாசிப்பானான கிண்டிலின் அடிப்படை மாடலுக்கே 2022இல் அது வந்துவிட்டது. அதற்கு முன் 167தான். 167இல் ஆங்கில எழுத்து தப்பித்துவிடும், தமிழ் தப்பாது. சிறிய அளவில் ‘கி’, ‘கீ’ இரண்டின் சுழியும் ஒன்றாகத் தெரியும், ‘ணை’ போன்ற எழுத்துகளின் வளைவுகள் அடைத்துக்கொள்ளும், புள்ளி மங்கிப்போகும். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வண்ண இ-இங்க் திரை நாவலுக்குத் தேவையில்லை. கலைடோ 3 என்ற வண்ணத் திரையில் வண்ணத்தின் அடர்த்தி 150 பிபிஐதான். மேலே இருக்கும் வண்ண வடிகட்டியால் வெண்மையும் குறைகிறது, முன்விளக்கைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

இனி கோப்பு. இபப் என்ற மின்னூல் கோப்பு, உள்ளே வலைப்பக்கம் போன்ற எக்ஸ்எச்டிஎம்எல் பக்கங்களையும் எழுத்துருக்களையும் வைத்துச் சுருக்கிய ஒரு ஜிப் பொதிதான். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மறுபடி அடுக்கிக்கொள்ளும். பிடிஎஃப்பில் அது நடக்காது. டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் 5.5 × 8.5 அங்குலம், 6 இன்ச் திரையோ 3.6 × 4.8 அங்குலம். முழுப் பக்கத்தையும் அதில் அடைத்தால் எழுத்து அச்சில் இருந்ததில் பாதியைவிடச் சற்றுத்தான் பெரிதாக இருக்கும். ஓரங்களை வெட்டிவிட்டு, கருவியைப் படுக்கை வாட்டில் திருப்பினால் கதையே மாறுகிறது. சுமார் 4.25 அங்குல எழுத்துப் பரப்பு 4.8 அங்குல அகலத்தில் விரிந்து, அச்சைவிடவும் பெரிதாகத் தெரியும். ஒரு பக்கத்தை இரண்டு மூன்று நகர்த்தலில் படிக்கலாம். கேஓரீடர் என்ற இலவச வாசிப்புச் செயலியில் ஓரம் வெட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது.

அதே கேஓரீடர், ஸ்கேன் பக்கத்தின் சொற்களைப் படத்துண்டுகளாக வெட்டி மறுபடி அடுக்கவும் செய்யும். இதைத் தமிழ் ஸ்கேன்களில் யோசித்தே பயன்படுத்த வேண்டும். பழைய அச்சுகளில் ‘ெ’, ‘ே’ கொம்புகள் மெய்யை ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்கும். நிரல் அதைச் சொல் இடைவெளி என்று நினைத்து அங்கேயே வெட்டிவிட, கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் போய் விழும். சொல் இடைவெளிக்கான மதிப்பைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் படுக்கை வாட்டமே மேல்.

பிடிஎஃப்பை இபப்பாக மாற்ற நினைத்தால், முதலில் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்தால் பாமினி, டாம் போன்ற பழைய குறியாக்கம். அதை நேரே காலிபரில் (மின்னூல் கோப்புகளை வடிவம் மாற்றும் நிரல்) போட்டால் புத்தகம் முழுக்க அந்தக் குப்பைதான் வரும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் உரையை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒன்றுமே நகலெடுக்க முடியாவிட்டால் அது படம். ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது) செய்ய வேண்டும். அதிலும் ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறும், புள்ளி விழுந்துபோகும். மெய்ப்பு பார்க்கப் பொறுமை இல்லாதவர் அந்த வழிக்குப் போகாமல் இருப்பது நல்லது.

காலிபர் மாற்றத்தில் தமிழுக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, அத்தியாயப் பட்டியல். அத்தியாயத் தலைப்பைக் கண்டுபிடிக்கும் அதன் இயல்பான விதி ‘சாப்டர்’, ‘பார்ட்’ போன்ற ஆங்கிலச் சொற்களைத்தான் தேடுகிறது. ‘அத்தியாயம் 12’ அதன் கண்ணில் படாது. பொருளடக்கம் இல்லாத ஒரே நீட்டான புத்தகம் கிடைக்கும். புத்தகத்தைத் திருத்தும் பகுதியில் பொருளடக்கக் கருவியைத் திறந்து, தலைப்புகளிலிருந்து உருவாக்கச் சொன்னால் ஒரு நிமிட வேலை. தலைப்புகள் எச்1, எச்2 என்ற தலைப்புக் குறியீடுகளால் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, பிடிஎஃப்பின் உடைந்த வரிகளை ஒரே பத்தியாக ஒட்டும் அளவு. இயல்பாக 0.45 இருக்கும். உரையாடல் மிகுந்த நாவலில் ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சோடு ஒட்டிக்கொண்டு யார் பேசுகிறார் என்றே தெரியாமல் போகும். முழு நாவலையும் மாற்றுவதற்கு முன் ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்து, அளவை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துருவைப் பொறுத்தவரை நோட்டோ செரிஃப் தமிழ் நீண்ட வாசிப்புக்கு உகந்தது. கிண்டிலிலும் கோபோ என்ற மின்வாசிப்பானிலும் ‘ஃபான்ட்ஸ்’ என்ற கோப்புறையில் எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பைப் போட்டால் போதும். அடுத்து உடனே செய்ய வேண்டியது, இருபக்கச் சீரமைப்பை நீக்கி இடப்பக்கச் சீரமைப்பு வைப்பது. தமிழில் ‘போய்க்கொண்டிருந்தவனிடமிருந்து’ என்பது ஒரே சொல். 6 இன்ச் திரையில் வசதியான அளவு வைத்தால் வரிக்கு நான்கைந்து சொற்கள்தான் பிடிக்கும். அப்படி ஒரு நெடுஞ்சொல் அடுத்த வரிக்குத் தாவினால் மேல்வரியில் மீந்த இரண்டு மூன்று சொற்கள் இருபக்கச் சீரமைப்பில் இழுபட்டு, ஓட்டைப் பல் போல நிற்கும். இடப்பக்கச் சீரமைப்பில் வலது ஓரம் ஒழுங்கற்றுத் தெரியும்; ஆனால் கண் தடுக்காது.

எல்லா நாவலும் இந்தத் திரைக்கு ஒரே மாதிரிப் பொருந்துவதில்லை. அண்மைக்காலத்தில் அதிகம் வரும் பல தலைமுறைக் கதைகள், எழுநூறு எண்ணூறு பக்கம் போகிறவை, மின்வாசிப்பானுக்கென்றே பிறந்தவை. மடியில் பாரமில்லை என்பது ஒருபுறம். நானூறு பக்கம் கழித்துத் திரும்பி வரும் பாத்திரம் யார் என்று தேடல் சொல்லிவிடும். தேடும்போது வேற்றுமை உருபை நினைவில் கொள்ள வேண்டும். ‘மாணிக்கம்’ என்று தேடினால் ‘மாணிக்கத்தை’, ‘மாணிக்கத்திடம்’ வராது. ‘மாணிக்க’ என்று நிறுத்துங்கள். முழுச்சொல்லை மட்டும் தேடும் செயலிகளில் உருபோடு தனித்தனியாகத் தேட வேண்டியிருக்கும். ‘கொ’ போன்ற எழுத்தை ஒரே குறியாக இல்லாமல் கொம்பும் காலுமாகத் தட்டச்சு செய்திருந்தாலும், ‘ஔ’வுக்கு ‘ஒள’ என்று அடித்திருந்தாலும் தேடல் தவறவிடலாம்.

வட்டார வழக்கு நாவல்களில் நிலைமை வேறு. அகராதி கைகொடுக்காது, அந்தச் சொற்கள் அதில் இருப்பதே அபூர்வம். கடைசியில் உள்ள சொற்பட்டியலை நம்பித்தான் படிக்க வேண்டும். பதிப்பாளர் அதற்கு இணைப்புக் கொடுத்திருந்தால் தொட்டதும் பொருள் தெரியும். வெறும் எண்ணாக விட்டிருந்தால் பட்டியலின் முதல் பக்கத்தில் புத்தகக்குறி வைத்துக்கொண்டு தாவித் தாவிப் படிக்க வேண்டியதுதான். வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களை இறக்கி இதை மட்டுமாவது சோதியுங்கள். வம்ச மரத்தைப் படமாக வைத்திருக்கும் நாவல்களில் பெயர்கள் எறும்பு அளவில்தான் தெரியும். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்ப்பது எளிது.

காலத்தை முன்பின்னாகக் கலைத்துப் போடும் நாவல்களுக்குக் காகிதமே என் தேர்வு. விரலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் புரட்டும் வேகத்துக்கு இ-இங்க் திரை ஈடுகொடுப்பதில்லை.

பேட்டரி ‘வாரக்கணக்கில்’ நிற்கும் என்ற கணக்கு, நாளுக்கு அரை மணி நேர வாசிப்பு, வைஃபை அணைத்த நிலை என்பதை வைத்துச் சொல்லப்படுவது. தினம் மூன்று மணி நேரம் படிப்பவர் அதை ஆறால் வகுத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஏற்றினால், தேடலுக்கான அட்டவணையைக் கருவி பின்னணியில் தயாரிக்கும். அதில் பேட்டரி சரசரவென்று இறங்கும். அன்று சார்ஜரில் செருகி வைத்துவிடுங்கள். அதற்கப்புறமும் இறங்கிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு பழுதான கோப்பில் அட்டவணை சிக்கியிருக்கும். கடைசியாக ஏற்றியவற்றை நீக்கி, ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினால் அது எது என்று பிடிபடும்.

அடிக்கோடுகளைக் காப்பது பலரும் தள்ளிப்போடும் வேலை. கிண்டிலில் அவை ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற எளிய உரைக்கோப்பில் சேர்கின்றன. கோபோவில் மறைந்திருக்கும் ‘.கோபோ’ கோப்புறைக்குள் எஸ்க்யூலைட் தரவுத்தளமாக இருக்கின்றன. கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றினால் இரண்டும் போய்விடும், ஆகவே மாதம் ஒருமுறை கணினிக்கு நகலெடுத்து வையுங்கள். வாங்கிய கிண்டில் நூல்களை வலைத்தளத்திலிருந்து கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியே ஏற்றும் வசதி 2025 பிப்ரவரி 26 முதல் இல்லை. நாவலைப் பற்றி நண்பர்களோடு பேசும்போது கிண்டில் பக்க எண்ணுக்குப் பதிலாகக் காட்டும் இட எண்ணைச் சொல்லிப் பயனில்லை. அச்சுப் பிரதி வைத்திருப்பவருக்கு அது எதையும் குறிக்காது. அத்தியாய எண்ணும் அந்த வரியின் முதல் மூன்று சொற்களும் சொன்னால் எந்தப் பதிப்பிலும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.