பெரிய கடையில் வாட்டர் ஹீட்டர் போடக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சிகாகோ புறநகரில், நேப்பர்வில், அரோரா பக்கம் இருக்கும் நம் ஆட்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். அமெரிக்காவில் வேறு ஊரில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

போன ஜனவரியில், வெளியே மைனஸ் 18 டிகிரி இருந்த ஒரு வாரத்தில், எங்கள் பேஸ்மெண்டில் இருந்த கேஸ் வாட்டர் ஹீட்டர் அடியில் ஒழுக ஆரம்பித்தது. வீட்டோடு வந்த பழைய டேங்க், 2012-இல் போட்டது. ஊரிலிருந்து அம்மா வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, பேஸ்மெண்டில் இருக்கும் அறையில்தான் படுக்கை. வெந்நீர் இல்லாமல் அந்தக் குளிரில் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது, அதனால் அவசரம்.

வீடு கட்ட, பழுது பார்க்கச் சாமான் விற்கும் பெரிய கடைகளில் ஹோம் டிப்போவா, லோஸா, மெனார்ட்ஸா என்ற விவாதம் இங்கே எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வாரம் ஒரு தடவையாவது வரும், உங்களுக்கே தெரியும். மேஸ்திரிமார் எல்லாம் விடிகாலையில் ஹோம் டிப்போவில் நிற்கிறார்கள், அதனால் அங்கே சரக்கு நன்றாக இருக்கும் என்று ஒருவர். லோஸ் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது, தேட வேண்டியதில்லை என்று இன்னொருவர். மெனார்ட்ஸின் 11 சதவீதத் தள்ளுபடியை விட மனசில்லாதவர்கள் பலர். (அது கையில் பணமாக வராது. படிவம் அனுப்பி, காத்திருந்து, அதே கடையில் செலவழிக்கும் சீட்டாக வரும்.) நானும் மூன்று கடை விலையையும் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து ஒப்பிட்டேன். 50 கேலன் டேங்க், அதிக விலைக்கும் குறைந்த விலைக்கும் வித்தியாசம் 71 டாலர்.

'அங்கே குறைவாக இருந்தால் இங்கேயும் அதே விலை' என்ற வாக்குறுதியை நம்பியும் ஒரு கடையில் கேட்டுப் பார்த்தேன். மாடல் எண் ஒன்றாக இருந்தால்தான் தருவார்கள். ஆனால் கடைக்கொரு பிராண்ட்: ஹோம் டிப்போவில் ரீம், லோஸில் ஏ.ஓ. ஸ்மித், மெனார்ட்ஸில் ரிச்மண்ட். அந்த ரிச்மண்டைச் செய்வதும் ரீம் கம்பெனிதான், பெயரும் எண்ணும் மட்டும் வேறு. ஒரே மாடல் இரண்டு கடையில் இருந்தால்தானே விலையைப் பொருத்த முடியும்?

நான் எந்தக் கடையில் வாங்கினேன் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு முழுக்க "அப்பவே சொன்னேன், மற்றதுக்குப் போயிருக்கணும்" என்று போய்விடும், சொல்ல வந்தது நின்றுபோகும்.

டேங்க் 849 டாலர். பொருத்தும் கூலி 799 'முதல்' என்று போட்டிருந்தது, அந்த 'முதல்' என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும். வந்தவர்கள் கடை ஆட்கள் இல்லை. கடை வேலையை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கிறது, அது இன்னொருவரிடம் கொடுக்கிறது. எந்தப் பெயரும் எழுதாத வெள்ளை வேனில் இரண்டு பேர் வந்தார்கள், இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். பில்லில் கூடுதலாக 770 டாலர்: நகராட்சி அனுமதி 150, எக்ஸ்பான்ஷன் டேங்க் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் சிறிய தொட்டி) 268, கேஸ் லைன் மாற்றம் 212, அடியில் வைக்கும் தட்டு 80, பழையதை எடுத்துப் போக 60. மொத்தம் 2,418. வெந்நீர் வந்ததே போதும் என்று கையெழுத்துப் போட்டேன்.

நாலாவது நாளிலிருந்து அம்மாவுக்குக் காலையில் தலைவலி. எழுந்ததும் தலை பாரமாக இருக்கிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்பார், மேலே வந்து காபி குடித்து ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டோம். அறை வாசலில் கார்பன் மோனாக்சைடு (கேஸ் சரியாக எரியாவிட்டால் வரும், வாசனையில்லாத விஷவாயு) அலாரம் இருந்தது. எங்கள் மாநிலமான இல்லினாயில் படுக்கையறையிலிருந்து 15 அடிக்குள் அது இருக்க வேண்டும் என்பது 2007 முதல் சட்டம். அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அடிக்காததால் அந்தப் பக்கம் எனக்கு யோசனையே போகவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பிளம்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை வேறு வேலையாகக் கீழே வந்தவர் டேங்க்கைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இந்தக் குழாய் ஏன் கீழே சரிகிறது?" என்றார். டேங்க்கின் தலையில் இருந்து புகைபோக்கிக்குப் போகும் தகரக் குழாய், அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டுமாம். எங்கள் வீட்டில் அது சிம்னி பக்கம் தாழ்ந்திருந்தது. 2015-இல் அமெரிக்காவில் மின்சக்தி, எரிபொருள் சிக்கன விதி மாறியதால் புது டேங்க்குகளுக்கு உள்ளே காப்புப் படலம் தடிமனாகிவிட்டது, அதனால் பல டேங்க்குகள் பழையதைவிட உயரமாகவோ அகலமாகவோ வருகின்றன. எங்களுடையது இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரம். வந்தவர்கள் குழாயை மாற்றாமல், பழைய வளைவுக் குழாயையே திருகி எப்படியோ சேர்த்துவிட்டார்கள். இணைப்புகளில் மூன்று மூன்று ஸ்க்ரூ இருக்க வேண்டும், ஒன்றில் ஸ்க்ரூவே இல்லை, அலுமினிய டேப் சுற்றியிருந்தது.

புகை வரும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அம்மா சாமி அலமாரியிலிருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கொடுத்தார். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பர்னர் எரிய ஆரம்பித்துச் சில நிமிஷம் கழித்து, டேங்க் மேலே தொப்பி மாதிரி இருக்கும் இடைவெளிக்குப் பக்கத்தில் பத்தியைப் பிடித்தார். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். அது எங்கள் பக்கமே திரும்பி வந்தது. கையை வைத்துப் பார்த்தால் சூடான, ஈரமான காற்று அடிக்கிறது. அதாவது எரிந்த புகை சிம்னி வழியாக வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது.

உடனே கேஸை அடைத்துவிட்டு எல்லாரும் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம், கேஸ் கம்பெனியின் அவசர எண்ணைக் கூப்பிட்டோம். வந்தவரின் மீட்டர் அம்மா அறையில் கார்பன் மோனாக்சைடு 43 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 43 பங்கு) என்று காட்டியது. அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். வீட்டு அலாரங்கள் 70 பி.பி.எம். அளவிலேயே ஒரு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரம் வரை எடுத்துக்கொண்டுதான் அடிக்கும், 30-இல் ஒரு மாதம் வரைகூட அடிக்கக் கூடாது என்றுதான் தரமே வைத்திருக்கிறார்கள் என்றார். டேங்க்கில் சிவப்புச் சீட்டு கட்டி நிறுத்திவிட்டுப் போனார். அம்மாவை அன்றே ஆஸ்பத்திரியில் காட்டினோம், நன்றாக இருக்கிறார். ஆனால் ஒன்பது நாள் அந்த அறையில் அவரைத் தூங்க வைத்தது நான், அதை இன்றும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை நகராட்சியில் கேட்டால், எங்கள் முகவரிக்கு அனுமதியே யாரும் வாங்கவில்லை. பெரியவர் காட்டியபோதுதான் எக்ஸ்பான்ஷன் டேங்க்கும் இல்லை என்பது தெரிந்தது. போடாத பொருளுக்கும் வாங்காத அனுமதிக்கும் சேர்த்து 418 டாலர். கடையைக் கேட்டால் பொருத்தும் கம்பெனியைக் கேள், அவர்களைக் கேட்டால் கடையைக் கேள், டேங்க் கம்பெனியோ பொருத்தியதில் தவறென்றால் உத்தரவாதம் செல்லாது என்கிறது.

அடுத்தது கடன் அட்டை. கடையின் சொந்த அட்டையில், ஆறு மாதத்தில் கட்டி முடித்தால் வட்டி இல்லை என்று கொடுத்தார்கள். மாதம் 400 வீதம் ஐந்து மாதம் கட்டினேன், தகராறில் இருந்த 418-ஐ மட்டும் நிறுத்திவைத்தேன். ஏழாவது மாதம் 218 டாலர் வட்டி வந்து நின்றது. மீதியிருந்த 418-க்கு மட்டும் போட்ட வட்டி இல்லை, முதல் நாளிலிருந்து முழுத்தொகைக்கும் கிட்டத்தட்ட 30 சதவீதத்தில் கணக்குப் போட்டது. 'வட்டி இல்லை' என்பதும் 'முழுதும் கட்டினால் வட்டி இல்லை' என்பதும் வேறு வேறு. இரண்டாவது வகையில் கெடு தேதியில் ஒரு டாலர் பாக்கி இருந்தாலும் பழைய வட்டி முழுக்க விழும். 71 டாலர் மிச்சம் பிடிக்க ராத்திரி கண் விழித்தவன் நான்.

இதில் என் தவறும் உண்டு. போனிலேயே பேசிக்கொண்டிருந்தேன். அட்டை பில்லில் தகராறு என்றால், அந்தத் தொகை முதலில் வந்த பில்லிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் அனுப்ப வேண்டும், அப்போதுதான் 1974-இன் கடன் பில் சட்டம் நம்மைக் காப்பாற்றும். போனில் பேசியது கணக்கில் வராது. கடைசியில் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்தில் புகார் கொடுத்த பிறகுதான் கடை 418-ஐத் திருப்பியது. வட்டி திரும்பவில்லை.

தயவுசெய்து, வேலைக்கு வருபவர் உள்ளே நுழையும் முன் பிளம்பர் லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். சிகாகோ நகருக்கு வெளியே என்றால் இல்லினாய் பொதுச் சுகாதாரத் துறையின் தளத்தில் போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகும். அனுமதிக்குப் பணம் வாங்கினால் அனுமதிச் சீட்டைப் பார்க்காமல் கடைசித் தொகையைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும், பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போது, அவர்கள் முன்னாலேயே ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். அப்புறம், அளவை எண்ணில் காட்டும் அலாரமாக வாங்கிக் கீழே வையுங்கள், சிறிய அளவுகளைக் காட்டும் வகை தனியாக விற்கிறது.

பெரியவர் சொன்ன உள்ளூர் பிளம்பர் 480 டாலருக்குக் குழாயை முழுதாக மாற்றி, அனுமதி வாங்கி, எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்துக் கொடுத்தார். முதலிலேயே அவரைக் கூப்பிட்டிருந்தால் டேங்க்கோடு சேர்த்து 1,950 ஆகியிருக்கும் என்றார்.

புகார்க் கடிதத்தின் நகல் யாருக்காவது வேண்டும் என்றால் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.