அல்சூர் பழைய வீட்டுக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டோம்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தாத்தா கட்டிய மாடி வீடு, மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய முறையில் ஆனது. 14 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மாடித் தரையைத் தாங்கத் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சாய்வாக நிறுத்தி அடுக்கிய சின்னச் செங்கல். மாடியில் தெருப்பக்கச் சுவருக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. முதலில் வந்த கான்ட்ராக்டர், "சிமெண்ட் பூசினால் போதும், கூடவே கீழே நடுச்சுவரை எடுத்துட்டு ஹாலைப் பெரிசாக்கிடலாம்" என்றார். (பெங்களூரில் யார் வந்தாலும் ஹாலைத்தான் பெரிதாக்குகிறார்கள்.) அத்தைக்கு மனசு ஒப்பவில்லை. அதனால்தான் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவரை அழைத்தோம். பார்த்து அறிக்கை தர 7,500 ரூபாய்.

மனிதர் இடைவெளியைப் பார்க்கவேயில்லை. நேரே கீழே போய், கட்டைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று அண்ணாந்து பார்த்தார். இரண்டு பக்கத்துக் கட்டைகளும் வந்து உட்கார்வது அந்த நடுச்சுவரில்தான்! தெருப்பக்கச் சுவரோ கட்டைகளுக்கு இணையாக ஓடுகிறது. அதில் ஒரு கட்டைகூட இறங்கவில்லை.

"சுவர்தான் தரையைத் தாங்குதுன்னு நினைக்கிறோம்மா. தரையும் சுவரைப் பிடிச்சுக்கிட்டிருக்கு" என்று அத்தையிடம் சொன்னார். கட்டை உட்காரும் சுவருக்கு மேலிருந்து அழுத்தி நிறுத்தும் பாரமும் கிடைக்கிறது, மாடி மட்டத்தில் பிடிப்பும் கிடைக்கிறது. இந்தத் தெருப்பக்கச் சுவருக்கு இரண்டும் இல்லை. இரண்டு மாடி உயரத்துக்கும் தனியாக நின்று, மெல்ல வெளியே சாய்ந்திருக்கிறது. இதற்குச் சிமெண்ட் என்ன செய்யும்?

அவர் சொன்ன வைத்தியம்: தட்டையான இரும்புப் பட்டைகளைச் சுவரில் பதித்து, குறைந்தது மூன்று கட்டைகளுக்குக் குறுக்கே ஓட்டித் திருகுவது, கட்டைகளுக்கு இடையே மரத்துண்டுகளை இறுக்கி வைப்பது. குளியலறைப் பக்கம் ஸ்க்ரூடிரைவரால் குத்தினார், கட்டை முனையில் ஒரு அங்குலம் இறங்கியது. வெளியே எப்போதோ பூசிய சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்டதாம். முட்டுக் கொடுத்து, அழுகிய முனையை வெட்டி, இரு பக்கமும் 'ப' வடிவ இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட வேண்டும். வெளிப்பூச்சையும் சுண்ணாம்புக்கு மாற்றச் சொன்னார். சுவர் விரிசல்களின் மேல் கண்ணாடித் துண்டுகளை ஒட்டித் தேதி எழுதினார். மழைக்காலம் முடிந்து பார்க்கும்போது கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

குறைகள் உண்டு. சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அறிக்கை முழுக்க ஆங்கிலம். மேஸ்திரிக்குப் புரியவில்லை, கேட்ட பிறகுதான் கன்னடத்தில் சொல்லிக் கொடுத்தார். வேலையை எடுத்துச் செய்வதில்லை, சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரியை நாமேதான் தேட வேண்டும். அது பெரும்பாடு.

ஆனாலும் எனக்கு அந்தக் காசு உறுத்தவில்லை. அந்த நடுச்சுவரை இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படி ஒருவரை அழைப்பதாக இருந்தால் ஏணியைத் தயாராக வையுங்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பகுதியாவது முன்பே கழற்றி வையுங்கள். கட்டை தெரியாவிட்டால் திரும்பிப் போய்விடுவார், மறுமுறை வர தனிக் கட்டணம்.